வறுத்தெடுத்து வாங்கிய பத்திரம்

நடுவர் அவர்களே, இரு அணி நண்பர்களே, சபையோரே, வணக்கம். நேரம் குறைவு, வணக்கம் இவ்வளவுதான்.

ஸ்காட்லாந்தில் கிராஸ்ரேகல் மடத்துச் சொத்தை 1617-ல் அரசரும் நாடாளுமன்றமும் டன்பிளேன் ஆயர் பீடத்தோடு சேர்த்தது மீட்பா, பறிப்பா என்பது தலைப்பு. எனக்கு ‘மீட்பு’ என்று சீட்டு வந்தது. ‘பறிப்பு’ என்று வந்திருந்தால் இதே சட்டையைப் போட்டுக்கொண்டு அதையும் பேசியிருப்பேன். நமக்குள் என்ன ஒளிவுமறைவு?

எதிரணித் தம்பி ஒரு போடு போட்டார். “ஆயரிடம் மடத்து நிலத்தைக் கொடுத்தது, பூனையைப் பாலுக்குக் காவல் வைத்த கதை” என்றார். சபை அதிர்ந்தது. நானே கைதட்டினேன், என் அணித் தலைவர் முறைத்தார். சரி தம்பி, ஆயர் பூனைதான். ஒப்புக்கொள்கிறேன். அந்தப் பூனை வருவதற்கு முன்னால் பால் பாத்திரத்துக்குப் பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தார் என்று சொன்னீர்களா? சொல்லவில்லை. நான் சொல்கிறேன்.

கில்பர்ட் கென்னடி. காசில்ஸ் பிரபு, நான்காமவர். அந்த மடம் இருந்த கேரிக் சீமையில் அவரை ராஜா என்றே சொல்வார்கள். 1560-ல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் போப்பாண்டவரின் அதிகாரம் இங்கே செல்லாது என்று சொல்லிவிட்டது. இருக்கும் துறவிகள் இருந்துவிட்டுப் போகட்டும், புதிதாக யாரும் சேரக் கூடாது. அப்படியென்றால் மடத்து நிலம் யாருக்கு? அக்கம்பக்கத்துப் பிரபுக்களுக்கெல்லாம் நாக்கில் எச்சில் ஊறியது. கென்னடிக்குக் கொஞ்சம் அதிகமாகவே ஊறியது.

முதலில் கிளென்லூஸ் மடம். நிலத்தை எழுதி வாங்க அந்த மடாதிபதியிடம் பேசிக்கொண்டே இருந்தார். பத்திரம் முடிவதற்குள் மடாதிபதி இறந்துவிட்டார். நாமாக இருந்தால் மாலை வாங்கிப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்திருப்போம். பிரபு என்ன செய்தார்? அங்கிருந்த ஒரு துறவியைப் பிடித்து, இறந்தவர் கையெழுத்தைப் போட வைத்தார். பத்திரம் ரெடி. அப்புறம் ஒரு யோசனை, இந்தத் துறவி வெளியே சொல்லிவிட்டால்? ஓர் ஆளை ஏவித் துறவியைக் குத்திக் கொல்ல வைத்தார். அப்புறம் இன்னொரு யோசனை, இந்த ஆள் வெளியே சொல்லிவிட்டால்? தம் சித்தப்பாவை விட்டு அவன்மேல் திருட்டுக் குற்றம் சாட்டித் தூக்கில் போட வைத்தார். எந்த இடத்தில் தூக்கு? கிராஸ்ரேகலில்! சபையோரே, இதை நான் இட்டுக்கட்டவில்லை. கென்னடி குடும்பத்தின் பழைய வரலாறே இப்படித்தான் சொல்கிறது.

எனக்கு ஒரே சந்தேகம். சித்தப்பா வெளியே சொல்லிவிட்டால் என்ன செய்வதாக இருந்தார்?

அடுத்தது நம்ம கிராஸ்ரேகல். 1570 செப்டம்பர் முதல் தேதி. மடத்துச் சொத்தின் உரிமை ஆலன் ஸ்டூவர்ட் என்பவர் கையில். அவரைப் பிடித்து, கடலோரத்தில் இருந்த டன்யூர் கோட்டைக்குக் கொண்டுபோனார்கள். முதலில் நல்ல உபசாரம்தான். அப்புறம் கறுப்பு நிலவறைக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே ஓர் இரும்பு அடுப்பு, அடியில் நெருப்பு. சமைக்க வேறு ஒரு பொருளும் கண்ணில் படவில்லை. அவருக்கு அப்போதுதான் புரிந்தது, இன்றைய சமையல் தாம்தான் என்று. துணியை உருவி, அடுப்போடு சேர்த்துக் கட்டினார்கள். கருகிவிடக் கூடாதே என்று எண்ணெய் வேறு தடவினார்கள். எண்ணெய் தடவினார்கள் சபையோரே! அந்தக் கோட்டைச் சமையல்காரருக்கு இருந்த பொறுப்பைப் பாருங்கள்.

பிரபு சொன்னதுதான் உச்சம். “இவ்வளவு பிடிவாதக்காரரை நான் பார்த்ததே இல்லை. நீர் இப்படி இருப்பீர் என்று முன்பே தெரிந்திருந்தால், ஆயிரம் கிரவுன் கொடுத்தாலும் உம்மை இப்படிச் செய்திருக்க மாட்டேன்” என்றாராம். பிடிவாதம் பிடித்தவர் யாராம்? அடுப்பில் இருப்பவர்! அதாவது, வெந்துகொண்டிருப்பவர் பிரபுவுக்குச் சிரமம் கொடுக்கிறாராம்.

மடத்து நிலத்தைத் தமக்கு எழுதிக்கொடுக்கும் பத்திரத்தில் கையெழுத்து வாங்கினார். ஒரு வாரம் கழித்து, சாட்சிகள் முன்னால் அதை உறுதிசெய்யச் சொன்னார். ஆலன் மாட்டேன் என்றார். மறுபடியும் அடுப்பு. கடைசியில் பார்கனி பிரபுவின் ஆட்கள் கோட்டைக்குள் புகுந்து அவரை மீட்டார்கள். ‘மீட்டார்கள்’, நடுவர் அவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

அரசரின் ஆலோசனைச் சபையான பிரிவி கவுன்சிலுக்கு வழக்குப் போனது. தண்டனை? இனிமேல் தொந்தரவு செய்ய மாட்டேன் என்று 2,000 பவுண்டுக்கு ஜாமீன். அவ்வளவுதான். நிலம் கென்னடியிடமே இருந்தது. ஆலனுக்கு வயிற்றுப்பாட்டுக்கு ஏதோ பணம் கொடுத்து வாயை அடைத்தார்.

அந்த ஜாமீனில் இன்னொரு பெயரும் இருந்தது, ஜார்ஜ் புக்கானன். அவருக்குக் கிராஸ்ரேகல் மடத்து வருவாயிலிருந்து ஆண்டு உதவித்தொகை வந்துகொண்டிருந்தது. அவர் யார்? குழந்தை அரசர் ஆறாம் ஜேம்ஸுக்கு வாத்தியார். பிரம்பைக் கீழே வைக்காத வாத்தியார். அந்தப் பையன்தான் வளர்ந்து, 1587-ல் திருச்சபை நிலங்களை அரச உடைமையாக்கிச் சட்டம் போட்டார். வேண்டியவர்களுக்கு வாரியும் கொடுத்தார், அதை மறைக்க மாட்டேன். அப்புறம் 1606-ல் ஆயர்களுக்கு அவர்கள் சொத்தைத் திருப்பிக் கொடுக்க இன்னொரு சட்டம். லண்டன் போகும்போது, மூன்று வருஷத்துக்கு ஒருமுறை ஸ்காட்லாந்து வருவேன் என்று சொல்லிவிட்டுப் போனவர், 14 வருஷம் கழித்து ஒரே ஒருமுறை வந்தார். அது 1617. அந்த வருஷத்து நாடாளுமன்றத்தில்தான் கிராஸ்ரேகல் டன்பிளேனுக்குப் போனது. வாத்தியாருக்குச் சோறு போட்ட மடத்தைப் பையன் மறந்திருப்பானா? மாட்டான் என்று நான் நம்புகிறேன். ஆதாரம் கேட்காதீர்கள், பட்டிமன்றத்தில் கேட்கக் கூடாது.

“நிலம் கென்னடிகளிடம்தானே இருந்தது, ஆயருக்கு என்ன கிடைத்தது?” என்று எதிரணி அம்மா கேட்டார்கள். நியாயமான கேள்வி. உழுகிற நிலம் பத்திரக்காரர்களிடம்தான். ஆயருக்கு வந்தது மேல்வாரம், வருஷா வருஷம் கட்ட வேண்டிய தொகை. அது போதாதா? பிரபு ஒருவர் தமக்கு மேலே இன்னொருவர் உண்டு என்று ஆண்டுதோறும் பணம் கட்டி ஒப்புக்கொள்ள வேண்டும். டன்பிளேன் பணக்கார மறைமாவட்டமும் இல்லை.

தம்பி விடவில்லை. அயோனா தீவு மடத்தை இழுத்தார். அது 1615-ல் தீவுகளின் ஆயர் பீடத்துக்குப் போனது, அந்த ஆயர் ஆண்ட்ரூ நாக்ஸ் மடத்து மணிகள் இரண்டை அயர்லாந்துக்குக் கொண்டுபோய்விட்டார், இதுதான் மீட்பா என்றார். கொண்டுபோனார், உண்மை. அப்புறம் நடந்ததையும் சொல்லுங்கள் தம்பி. 1635-ல் சார்லஸ் மன்னர், அயர்லாந்தில் ரஃபோ ஆயருக்குக் கடிதம் எழுதினார், உமக்கு முன் அங்கே ஆயராக இருந்த நாக்ஸ் எடுத்துவந்த மணிகளைத் திருப்பிக் கொடும் என்று. பூனையிடம் கணக்குக் கேட்க முடிந்தது. பீடம் இருந்தது, பீடத்துக்கு அடுத்து வந்தவர் இருந்தார், கடிதம் போட ஒரு விலாசம் இருந்தது. கென்னடிக்கு எந்த மன்னர் கடிதம் போட்டார்?

இவ்வளவு நேரம் ஆலன் ஸ்டூவர்ட்டை வைத்துச் சிரிக்க வைத்தேன். ஒன்றை மட்டும் சொல்லாமல் வைத்திருந்தேன். வலி தாங்காமல் அவர் அந்த ஆட்களிடம் என்ன கேட்டார் தெரியுமா? விட்டுவிடுங்கள் என்று கேட்கவில்லை. கடவுளுக்காக என்னைக் கொன்றுவிடுங்கள், என் பணப்பையில் பொன் இருக்கிறது, என் வலி சீக்கிரம் தீர வெடிமருந்து வாங்க அது போதும் என்றார். தன் சாவுக்குத் தானே காசு தருகிறேன் என்று ஒரு மனிதன் கெஞ்சினான் அம்மா. அவர் வாயில் துணியை அடைத்தார்கள்.

அவர் துறவி இல்லை, புனிதரும் இல்லை. மடத்து வருவாயை அனுபவிக்க வந்த இன்னோர் ஆள்தான். இருந்துவிட்டுப் போகட்டும். தம்பி, உங்கள் வாதமெல்லாம் சரியாகவே இருக்கட்டும். பறிப்பு என்றே வைத்துக்கொள்வோம். நாடாளுமன்றத்தில் வைத்து, சட்டமாக எழுதி, எல்லோரும் பார்க்கப் பறித்தார்கள். நிலவறையில் வைத்து அல்ல.

நடுவர் அவர்களே, எனக்குத் தீர்ப்பு வேண்டாம். என் அணிக்குக் கூட வேண்டாம். ஆலன் ஸ்டூவர்ட்டுக்கு ஒரு தீர்ப்பு கொடுங்கள், பிரிவி கவுன்சில் கொடுக்கவில்லை. நன்றி, வணக்கம்.