ஓடுபாதை போட்ட இடத்துக்குத்தான் விமானம்

நேயர்களுக்கு வணக்கம். வெளியூர் கிளம்பினால் நாம் முதலில் விசாரிப்பது, நேர் பஸ் உண்டா, நடுவில் இறங்கி மாறணுமா என்பதுதானே? கிரீன்லாந்தில் இதையே விமானத்துக்குக் கேட்பார்கள். அங்கே ஊருக்கு ஊர் சாலை கிடையாது. ரயிலும் கிடையாது. படகு உண்டு, கடல் உறைந்துவிட்டால் பல ஊர்களுக்கு அதுவும் இல்லை.

தலைநகரம் நூக். நாட்டின் மொத்த மக்கள் சுமார் 56,000 பேர், அதில் மூன்றில் ஒருவர் அங்கேதான். ஆனால் டென்மார்க்கிலிருந்து வரும் பெரிய விமானம் 2024 நவம்பர் வரை நூக்கில் இறங்க வழியில்லை. ஓடுபாதை 930 மீட்டர்தான். எல்லோரும் கங்கர்லுஸ்சுவாக் என்ற இடத்தில் இறங்கி, சின்ன விமானத்துக்கு மாறணும். அந்த ஊரில் இருப்பவர்களோ ஐந்நூறு பேர் அளவில்!

ஏன் அங்கே? யுத்தம். கிரீன்லாந்து டென்மார்க்குக்குச் சொந்தம்; 1940இல் அந்த டென்மார்க்கை ஜெர்மனி பிடித்தது. அடுத்த ஆண்டே அமெரிக்கப் படை கிரீன்லாந்தில் தளங்கள் போடத் தொடங்கியது. அட்லாண்டிக்கை ஒரே மூச்சில் தாண்ட முடியாத விமானங்களுக்கு நடுவில் எண்ணெய் போட இடம் வேண்டுமே. கடல் மூடுபனி எட்டாத உள்பகுதியாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். படைக்கு வேண்டியது தெளிந்த வானம், ஜனங்கள் அல்ல.

இந்த இடத்தில் எனக்குப் பிடித்த கதை ஒன்று. உலக உருண்டை கையில் கிடைத்தால், டென்மார்க் தலைநகரம் கோபன்ஹேகனிலிருந்து அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸுக்கு ஒரு நூலை இழுத்துப் பிடியுங்கள். நூல் நியூயார்க் பக்கமே போகாது, கிரீன்லாந்து மேலே ஏறிப் போகும். 1954 நவம்பர் 15ஆம் தேதி ஸ்காண்டிநேவிய விமான நிறுவனமான எஸ்.ஏ.எஸ். அந்த வழியில் பயணிகளை ஏற்றிப் பறந்தது. எண்ணெய் போட இறங்கியது எங்கே தெரியுமா? அதே கங்கர்லுஸ்சுவாக்கில்! பிறகு கனடாவின் வின்னிபெக்.

சிக்கல் என்னவென்றால், காந்த துருவத்துக்குப் பக்கத்தில் திசைகாட்டி முள்ளை நம்ப முடியாது. அதனால் காந்தத்தை நம்பாமல், வேகமாகச் சுழலும் சக்கரத்தை வைத்துத் திசை காட்டும் கைரோ கருவி வைத்திருந்தார்கள். சூரியன் அடிவானத்துக்குக் கீழே இருக்கும்போதும் வானத்து வெளிச்சத்தை வைத்துத் திசை பார்க்க இன்னொரு கருவி. வரைபடக் கட்டங்களையே மாற்றிப் போட்டார்கள், அதைப் படம் போடாமல் சொல்ல வராது, விட்டுவிடுகிறேன். பின்னாளில் ஜெட் விமானங்கள் நிற்காமலே தாண்டிப் போயின. படையும் 1992இல் கிளம்பிவிட்டது. ஓடுபாதை மட்டும் அங்கேயே. மறுபடி சொல்கிறேன், ஓடுபாதை போட்ட இடத்துக்குத்தான் விமானம் வரும்.

2024 நவம்பர் 28 அன்று நூக்கில் 2,200 மீட்டர் ஓடுபாதை திறந்தார்கள். அடுத்த ஜூனில் அமெரிக்காவின் நியூவார்க்கிலிருந்தே நேர் விமானம். நல்லதுதான். ஆனால் நூக் கடலோர ஊர். மூடுபனி, காற்று, பனிப்பொழிவு எல்லாம் முன்பு போலவே. இறங்க முடியாத நாளில் ஒதுங்க இடம் வேண்டும். பழைய தளத்தைக் கைவிடக் கூடாது என்பது என் கட்சி.

கிழக்குக் கரையைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், நிலையத்தார் கடிகாரத்தைக் காட்டுகிறார். சுருக்கமாக: தாசிலாக் என்ற ஊருக்குப் போக, பக்கத்துத் தீவான குலுசுக்கில் இறங்கி, அங்கிருந்து ஹெலிகாப்டரில் பத்து நிமிஷம். குலுசுக்குக்கு ஐஸ்லாந்திலிருந்தும் விமானம் வரும். நன்றி, வணக்கம்.