முறுக்கு ஏன் நமத்துப் போகிறது? பினாங்கு மழையில் தீபாவளி முறுக்கு

[காட்சி: மழை பெய்யும் சன்னல். மேசையில் சிவப்பு மூடி போத்தல், உள்ளே முறுக்கு. ஒரு கை எடுத்து உடைக்கிறது, உடையாமல் வளைகிறது.]

சுட்ட அன்று கடகடவென்று இருந்த முறுக்கு, மூன்றாம் நாள் இப்படி வளைந்தால் மனம் நொந்துபோகும். மலாயில் லெமாவ் என்பார்கள், நம் வீட்டில் நமத்துப் போச்சு என்போம். உடனே மாவின் மேல் பழி விழும். மாவு நன்றாக இருந்தும் முறுக்கு நமத்துப் போவது உண்டு. மாவில் மிஞ்சிய ஈரம், எண்ணெயில் வேகாமல் தங்கிய ஈரம், ஆற வைக்கும்போது காற்றிலிருந்து ஏறிய ஈரம் என்று மூன்று இடங்களில் ஈரம் புகுகிறது. தீபாவளி வரும் ஐப்பசி, பினாங்கில் மழை கொட்டும் காலம். அதனால் ஊரில் எழுதிய அளவை அப்படியே எடுத்துச் செய்தால் மட்டும் போதாது.

[காட்சி: தட்டில் அரிசி, உளுந்து. பக்கத்தில் பேரங்காடியில் வாங்கிய இரண்டு மாவுப் பொட்டலங்கள்.]

மாவிலிருந்து தொடங்குவோம். பச்சரிசி மாவு 500 கிராம், வறுத்து அரைத்த உளுந்து மாவு 125 கிராம். கப்பில் அளப்பவர்களுக்கு ஏறக்குறைய நாலுக்கு ஒன்று. உளுந்துதான் முறுக்கை லேசாக்குகிறது. அது குறைந்தால் முறுக்கு கல்லாகும். கூடினால் எண்ணெயைக் குடித்து மெத்தென்று ஆகிவிடும்.

பொட்டல மாவு வாங்கினால் பெயரை நின்று வாசியுங்கள். தெப்போங் பெராஸ் என்றால் அரிசி மாவு. தெப்போங் பூலுட் என்றால் பசையரிசி மாவு, ஒட்டும் தன்மை உடையது. இரண்டும் ஒரே அலமாரியில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். பசையரிசி மாவில் பிழிந்த முறுக்கின் மேல்தோல் பசைபோல் மூடிக்கொள்ளும், உள்ளே இருக்கும் ஆவி வெளியேற வழி இருக்காது. அது எண்ணெயில் உப்பி வெடிக்கும், கை முகமெல்லாம் தெறிக்கும். இது ஆபத்தான தவறு.

உளுந்தைச் சிறு தீயில் ஏழெட்டு நிமிடம் வறுக்க வேண்டும். வாசனை எழும்பியதும், நிறம் மாறத் தொடங்கும் முன்பே இறக்கிவிடுங்கள். சிவந்த உளுந்தில் முறுக்கு கறுத்து, லேசாகக் கசக்கும். வறுக்காத உளுந்தோ மாவைப் பிசுபிசுப்பாக்கும்.

அரிசியைக் கழுவி நிழலில் உலர்த்தி அரைப்பது நல்ல முறைதான். ஆனால் மழைக்காலத்தில் துணியில் பரப்பிய அரிசி மாலை வரை காயாது. அரைகுறையாகக் காய்ந்ததை மில்லுக்குக் கொண்டுபோவதைவிட, கல், தூசி பார்த்துத் துணியால் துடைத்த அரிசியை அப்படியே அரைத்து, வீட்டில் மாவை வறுத்துக்கொள்வது மேல். மில்லிலிருந்து வரும் மாவு சூடாக இருக்கும். அதை டின்னில் அடைத்து மூடினால் உள்ளே வியர்க்கும். தாளில் பரப்பி ஆறவிடுங்கள்.

[காட்சி: அடிகனமான சட்டியில் அரிசி மாவு. நடுவில் இரண்டு துண்டு பாண்டான் இலை.]

வறுப்பதற்கு மலாய் அடுக்களையிலிருந்து ஒரு நல்ல வழி எடுத்துக்கொள்ளலாம். குவே என்னும் மலாய்ப் பலகாரம் செய்பவர்கள் மாவோடு பாண்டான் இலையைப் போட்டு வறுப்பார்கள். வாசனை ஒரு பக்கம் இருக்கட்டும், அந்த இலை நமக்கு அளவுகோலாகப் பயன்படும். சிறு தீயில் கிளறக் கிளற இலை வாடும், பிறகு நொறுங்கும். இலை கையில் நொறுங்கினால் மாவிலும் ஈரம் போய்விட்டது. மாவு வெள்ளையாகவே இருக்க வேண்டும். கையில் எடுத்து உதிர்த்தால் கோலப்பொடிபோல் விழும். இலையை எடுத்துவிட்டு, ஆறியபின் இரண்டு மாவையும் சேர்த்து இரண்டு முறை சலியுங்கள். சலிக்காத மாவில் ஒளிந்திருக்கும் குருணையும் கட்டியும் முறுக்கு வெடிக்க இன்னொரு காரணம்.

[காட்சி: பிசைதல்.]

சலித்த மாவில் உப்பு இரண்டு தேக்கரண்டி, ஓமம் அல்லது சீரகம் இரண்டு தேக்கரண்டி, பெருங்காயத்தூள் அரைத் தேக்கரண்டி. காரம் வேண்டுமென்றால் மிளகாய்த்தூள் ஒரு மேசைக்கரண்டி. பட்டர் 50 கிராம். இங்கே கடைகளில் அதிகம் கிடைப்பது உப்புப் போட்ட பட்டர், அதை எடுத்தால் உப்பைக் கொஞ்சம் குறையுங்கள். பட்டரை முதலில் காய்ந்த மாவோடு தேய்த்துப் பிசற வேண்டும். பிடித்தால் பிடி நிற்க வேண்டும், தட்டினால் உதிர வேண்டும். அதுவே சரியான அளவு. கொழுப்பு மிஞ்சினால் முறுக்கு எண்ணெயிலேயே பிரிந்து துண்டு துண்டாகும்.

பிறகு தண்ணீர். மொத்தம் 450 மில்லி வரை பிடிக்கும். முதலில் 350 ஊற்றிவிட்டு மிச்சத்தைத் தெளித்துத் தெளித்துச் சேருங்கள். பொட்டல மாவு மிக நைசாக இருப்பதால் கொஞ்சம் கூடுதலாகக் குடிக்கும். உருட்டினால் விரிசல் விடக்கூடாது, விரலிலும் ஒட்டக்கூடாது. விரிசல் விட்டால் பிழியும்போது அறுந்து விழும். தளர்ந்தால் அச்சின் முள் நிற்காது, எண்ணெயும் குடிக்கும்.

தேங்காய்ப்பால் சேர்ப்பது இங்கே பல வீடுகளில் வழக்கம், ருசியும் தனி. தண்ணீரில் 200 மில்லியைக் குறைத்து, அதற்குப் பதிலாக அதே அளவு கெட்டிப்பாலை ஊற்றி, பட்டரைப் பாதியாகக் குறையுங்கள். பாலில் உள்ள இனிப்பால் முறுக்கு சீக்கிரம் சிவக்கும். சிவந்துவிட்டதே என்று அவசரப்பட்டு எடுத்தால் உள்ளே வெந்திருக்காது. சிக்கு வாடையும் இதில்தான் முதலில் வரும். தேங்காய்ப்பால் முறுக்கைத் தீபாவளிக்குக் கிட்டத்தில் சுட்டு, அதையே முதலில் சாப்பிட்டு முடிப்பது நல்லது. முன்கூட்டியே சுட்டு வைக்கத் தண்ணீரில் பிசைந்ததே ஏற்றது.

மாவு முழுவதையும் ஒரே தடவையில் பிசையாதீர்கள். அரை மணி நேரத்துக்குள் சுடக்கூடிய அளவு மட்டும் தண்ணீர் விட்டு, மிச்சத்தைக் காய்ந்த மாவாகவே வையுங்கள். பிசைந்து நேரமாகிய மாவு முறுக்கைச் சிவப்பாக்கும், எண்ணெயை இழுக்கும். கடைசி ஈடு மட்டும் மோசமாக வருவது பெரும்பாலும் இதனால்தான்.

[காட்சி: முறுக்கு உழக்கில் மாவை அடைத்து அழுத்துகிறார்கள். கண்ணகப்பையின் பின்புறம் பிழிகிறார்கள்.]

உழக்கில் மாவை இடைவெளி இல்லாமல் அழுத்தி அடையுங்கள். நடுவில் காற்று நின்றால் அந்த இடம் எண்ணெயில் வெடிக்கும். எண்ணெய்க்குள் நேராகப் பிழிவதைவிடக் கண்ணகப்பையின் மேல் பிழிந்து வழுக்கி விடுவது பாதுகாப்பு.

[காட்சி: அடுப்பு. அருகே வெப்பமானி.]

சட்டியில் எண்ணெய் பாதி அளவுதான் இருக்க வேண்டும், ஈரம் ஆவியாகும்போது நுரை பொங்கும். 170 முதல் 175 டிகிரி செல்சியஸ். வெப்பமானி இல்லையா? ஒரு கிள்ளு மாவைப் போடுங்கள். அடியில் தங்கிவிட்டு மெதுவாக வந்தால் சூடு போதாது. போட்டவுடன் எழும்பிச் சிவந்துவிட்டால் சூடு அதிகம். தயங்காமல் எழும்பி, நிறம் மாறாமல் குமிழ் விட்டால் சரி.

ஒரு ஈட்டுக்கு மூன்று நான்கு முறுக்கு போதும். வேலையை முடிக்க வேண்டும் என்று நெருக்கிப் போட்டால் எண்ணெய் சட்டென்று குளிர்ந்துவிடும். இந்தச் சமயத்தில் நிறத்தைப் பார்க்காதீர்கள், சத்தத்தைக் கேளுங்கள். அந்தச் சலசலப்பு மாவிலிருந்து வெளியேறும் தண்ணீரின் சத்தம். மூன்று நான்கு நிமிடத்தில் அது அடங்கும், குமிழும் சிறுத்துவிடும். அடங்கிய பிறகுதான் எடுக்க வேண்டும். நிறம் வந்தும் சத்தம் அடங்கவில்லை என்றால் தீ அதிகம். வெளியே பொன்னிறம், உள்ளே ஈரம். அந்த ஈரம் இரவோடு இரவாக வெளிப்புறத்துக்குப் பரவி மறுநாள் முறுக்கை நமக்க வைக்கும்.

எண்ணெய் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது. அடுப்பை அணைத்து, சட்டியை மூடியால் மூடுங்கள். மூடியைத் தொடங்கும் முன்பே கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

[காட்சி: கம்பி வலைத் தட்டில் முறுக்கு. சுவர்க் கடிகாரம் இரவு பதினொன்றைக் காட்டுகிறது.]

கடைசியாக ஆற வைப்பது. அதிக முறுக்கு கெடுவது இங்கேதான். வேலை முடிந்து வந்து இரவில் சுடுவோம், சுட்டதைத் தட்டில் பரப்பி, காற்றாடி போட்டுவிட்டுத் தூங்கப் போவோம். இரவிலும் விடியற்காலையிலும்தான் காற்றில் ஈரப்பதம் உச்சத்தில் இருக்கும். காற்றாடி அந்த ஈரக்காற்றை இரவு முழுவதும் முறுக்கின் மேல் வீசிக்கொண்டே இருக்கும். முடிந்தால் விடுமுறை நாளில், மழை வருவதற்கு முன், பத்து மணியிலிருந்து இரண்டு மணிக்குள் சுடுங்கள். இரவுதான் முடியும் என்றால் ஏர்கோன் போட்ட அறையில் கம்பி வலைமேல் ஆறவிட்டு, தொட்டால் சூடு துளியும் தெரியாத நிலையில் உடனே அடையுங்கள். ஏறக்குறைய முக்கால் மணி நேரம் போதும். சூட்டோடு அடைத்தால் மூடியின் உட்புறம் வியர்த்துச் சொட்டும். செய்தித்தாளில் குவித்து ஆற வைத்தால் அடியில் இருப்பவை தங்கள் ஆவியிலேயே ஊறும்.

எல்லாவற்றையும் ஒரே பெரிய டின்னில் போடாதீர்கள். திறந்த இல்ல உபசரிப்பு நாளில் பத்து முறை திறந்து மூடும் போத்தல் ஒன்று, திறக்காமல் வைப்பது மூன்று என்று பிரித்து வையுங்கள்.

அப்படியும் நமத்துவிட்டதா? ஓவனை 120 டிகிரிக்குச் சூடேற்றி, ஒரே வரிசையாகப் பரப்பி, எட்டு முதல் பத்து நிமிடம் வையுங்கள். வெளியே எடுத்தவுடன் மெத்தென்றுதான் இருக்கும், ஆறினால் மொறுமொறுப்பு திரும்பும். சிக்கு வாடை அடித்தால் மட்டும் ஓவனில் வைத்துப் பயனில்லை, கொட்டிவிடுங்கள்.