மெஸ்ரினும் கேமராவும்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

2008ஆம் ஆண்டு பிரான்சில், ஒரு மாத இடைவெளியில் இரண்டு பாகங்களாக வெளிவந்த ‘மெஸ்ரின்’ என்ற படத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். வங்கிக் கொள்ளை, ஆள்கடத்தல், சிறையுடைப்பு என்று வாழ்ந்த ழாக் மெஸ்ரினின் கதை அது. இயக்குநர் ழான் பிரான்சுவா ரிஷே. மெஸ்ரினாக நடித்தவர் வின்சென்ட் கசெல். முதல் பாகத்துக்கு அடிப்படை, மெஸ்ரின் சிறையில் எழுதி 1977இல் வெளியான தன்வரலாறு. குற்றவாளி தன்னைப் பற்றித் தானே சொன்ன கதை துதிபாடலாகத்தானே முடியும் என்ற ஐயம் எனக்கு இருந்தது.

அந்த ஐயம் வீணல்ல. 1972இல் கனடாவில் ஒரு சிறையிலிருந்து தப்பியவன், இரண்டே வாரத்தில் துப்பாக்கிகளோடு திரும்பி வந்து, உள்ளே இருக்கும் தோழர்களை மீட்க அதே சிறையைத் தாக்குகிறான். திரையில் அதைப் பார்க்கும்போது நம்மை அறியாமல் அவன் பக்கம் சாய்ந்துவிடுகிறோம். ஆனால் அதற்குச் சில நாட்களில் அவன் கும்பல் இரண்டு வனக்காவலர்களைச் சுட்டுக் கொன்றது. அந்த இருவருக்கும் படம் இன்னும் கொஞ்சம் நேரம் ஒதுக்கியிருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கசெலின் உழைப்பைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஏறக்குறைய இருபது கிலோ எடை கூட்டி, மெஸ்ரினின் கடைசி ஆண்டுகளை முதலில் நடித்துவிட்டு, உடல் இளைக்க இளைக்க இளமைக் காலத்துக்கு வந்திருக்கிறார். ஆனால் என்னை உலுக்கியது அந்த உடல் மாற்றமல்ல. வீட்டுக்குள் நடக்கும் ஒரு காட்சி. போலீசை அழைப்பேன் என்கிற மனைவியை அடித்து, அவள் வாயில் துப்பாக்கியைத் திணிக்கிறான். அதுவரை அவனிடம் இருந்த வசீகரம் அந்த நொடியில் செத்துப்போகிறது.

இரண்டாம் பாகத்தில் அவன் முழுநேரப் புகழ்விரும்பி. 1978 மே மாதம் பாரிஸின் லா சாந்தே சிறையிலிருந்து தப்பியவன், தலைமறைவாக இருந்துகொண்டே பத்திரிகைக்குப் பேட்டி கொடுக்கிறான். கைதிகளைத் தனிமையில் அடைத்து நொறுக்கிய உயர் பாதுகாப்புப் பிரிவுகளை ஒழிக்க வேண்டும் என்கிறான். அந்தக் கோரிக்கை நியாயமானது. 1982இல் அரசே அவற்றை மூடியது. அதைச் சொன்ன அதே மனிதன்தான், தன்னைத் தாழ்த்தி எழுதிய ஒரு பத்திரிகையாளரை 1979இல் ஒரு குகைக்கு வரவழைத்து, ஆடையை உருவி, அடித்து, சுட்டுப் போட்டான். அதைப் புகைப்படமும் எடுக்க வைத்தான். அவர் உயிர் பிழைத்தது அதிசயம். ரிஷே இந்தக் காட்சியை அவசரமே இல்லாமல், நம் கண்ணைத் திருப்ப விடாமல் எடுத்திருக்கிறார்.

1979 நவம்பர் 2. பாரிஸின் போர்ட் தெ கிளிஞான்கூரில், தார்ப்பாய் போர்த்திய லாரிக்குள்ளிருந்து போலீசார் சுட்டதில் மெஸ்ரின் காரிலேயே இறந்தான். உடனிருந்த பெண் ஒரு கண்ணை இழந்தாள். சரணடைய வாய்ப்புக் கொடுத்தார்களா என்ற சர்ச்சை நெடுங்காலம் நீடித்தது. படமும் அந்தச் சாவை வெற்றியாகக் கொண்டாடவில்லை.

பார்ப்பவர்கள் முதல் பாகத்தோடு நிறுத்திவிடாதீர்கள். அந்தக் குகை இரண்டாம் பாகத்தில்தான் வருகிறது.