லிங்க் ஒன்றுக்கு இத்தனை சண்டையா?

(திருகோணமலையில் இளம் மென்பொருள் ஆர்வலர்களின் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். கடைசி வரிசைக்குக் கேட்கிறதா? சரி, கை காட்டுகிறார்கள். கோணேசபுரி வளாகத்துப் பிள்ளைகளும் கிண்ணியா, மூதூர்ப் பக்கமிருந்து வந்தவர்களும் இருக்கிறீர்கள், உங்களில் சிலர் ஏற்கெனவே பிளே ஸ்டோரில் கேம் போட்டிருக்கிறீர்கள் என்றும் சொன்னார்கள். அதனால் அரிச்சுவடியை விட்டுவிட்டு, கேமில் வருகிற காசில் அப்பிள், கூகிள் கடைகள் எடுக்கிற 30 வீதக் கழிவைப் பற்றிய சண்டைக்கே நேரே வருகிறேன்.

2020 ஆகஸ்ட் 13. ஐபோனில் ஃபோர்ட்நைட் கேம் விளையாடியவர்கள் 1000 வி-பக்ஸ், அதாவது கேமுக்குள் செலவழிக்கிற காசு, வாங்கப் போனால் அன்று இரண்டு வழி தெரிந்தது. அப்பிள் வழியாகக் கட்டினால் 9.99 டொலர், கேமைச் செய்த எபிக் கேம்ஸிடம் நேரே கட்டினால் 7.99. அவ்வளவுதான் நடந்தது. அன்றைக்கே அப்பிள் ஃபோர்ட்நைட்டைக் கடையிலிருந்து தூக்கியது, கூகிளும் தூக்கியது, எபிக் உடனேயே இரண்டு பேர் மேலும் வழக்குப் போட்டது, போதாக்குறைக்கு அப்பிளின் பழைய 1984 விளம்பரத்தை நையாண்டி செய்து ஒரு வீடியோவும் விட்டது. இதெல்லாம் ஒரே நாளில் முடிகிற வேலை இல்லை. தூக்குவார்கள் என்று தெரிந்தே, மனுவை எழுதி வைத்துக்கொண்டு இறங்கியிருக்கிறார்கள்.

இந்தக் கதையைச் சொன்னால் நம்மவர்கள் உடனே எபிக் பக்கம் சாய்ந்துவிடுவார்கள், சின்னவன் பெரியவனை எதிர்த்தான் என்று. எபிக் சின்னவன் இல்லை. அதில் ஏறக்குறைய 40 வீதப் பங்கை 2012இலேயே சீனாவின் டென்சென்ட் கம்பனி வாங்கிவிட்டது. சிறுவர்களின் தரவு விஷயத்திலும், விளையாடுகிறவர்களை ஏமாற்றி வாங்க வைத்த விஷயத்திலும் 2022 டிசம்பரில் அமெரிக்க வர்த்தக ஆணையத்துக்கு மொத்தம் 520 மில்லியன் டொலர் கட்ட ஒப்புக்கொண்ட கம்பனியும் இதுதான். ஆகவே யார் நல்லவர் என்று தேடாதீர்கள், அங்கே ஆள் இல்லை.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது 30 வீதம் என்ற எண்ணும் இல்லை. அதைச் சொல்லத்தான் வந்தேன், கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

2008இல் அப்பிள் கடையைத் திறந்தபோது செய்தவருக்கு 70, கடைக்கு 30 என்ற பங்கீடு ஒரு சலுகை மாதிரித்தான் இருந்தது. அதற்கு முன்னர் தொலைபேசி நிறுவனங்களின் பக்கங்களில் கேம் விற்றவர்கள் பாதியைக்கூடக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருந்தார்கள். கடையில் லாபம் பார்க்கும் எண்ணம் இல்லை என்று ஸ்டீவ் ஜொப்ஸும் அப்போது சொல்லியிருந்தார். அப்புறம் 2009இல் கேமுக்குள்ளேயே பொருள் வாங்குகிற வசதி வந்தது. கேம் இலவசம், உள்ளே வாள் காசு, உடுப்புக் காசு, கட்டம் தாண்டக் காசு. இதன் பிறகு கடை வேறு ஒன்றாக மாறிவிட்டது. எபிக் வழக்கின் தீர்ப்பிலேயே இருக்கிறது: அப்பிள் கடை வருமானத்தில் சுமார் 70 வீதம் கேம்களிலிருந்து வருகிறது, அந்தக் காசைக் கட்டுகிறவர்கள் கடையின் வாடிக்கையாளர்களில் 10 வீதம்கூட இல்லை. யோசித்துப் பாருங்கள், மற்றவர்கள் அனேகமாக ஒரு சதமும் கட்டுவதில்லை, ஒரு சிறு கூட்டம் ராத்திரி பகலாகக் கட்டிக்கொண்டிருக்கிறது. அந்தக் கூட்டத்தின் 30 வீதத்துக்குத்தான் இந்த அடிபிடி.

கொழும்புக்குப் போய் பிக்மியில் ஓட்டோ பிடித்தால் அந்தக் காசில் அப்பிளுக்கும் கூகிளுக்கும் பங்கு போகாது. சாப்பாடு, உடுப்பு, ஓட்டோ என்று கைக்கு வருகிற பொருளுக்கும் சேவைக்கும் கழிவு கிடையாது. திரைக்குள்ளேயே இருக்கிற சரக்குக்கு மட்டும்தான். ஏன் அப்படி என்று கேட்டால் கொள்கை விளக்கம் நிறைய வரும். என் அபிப்பிராயம், எங்கே பிடிக்க முடியுமோ அங்கே பிடிக்கிறார்கள்.

சரி, கடைக்காரர் பக்கத்து நியாயத்தையும் சொல்லாவிட்டால் பிழை. உப்புவெளியில் இருந்து ஒரு பிள்ளை கேம் செய்தால், பிரேசிலில் ஒருவரிடம் ஒரு டொலர் வாங்குவதற்கு அந்தப் பிள்ளைக்குச் சொந்தமாக என்ன வழி இருக்கிறது? அட்டையில் கழித்து, அந்த நாட்டு வரியைப் பார்த்து, திருப்பிக் கேட்டால் திருப்பிக் கொடுத்து, மோசடிக்காரனைத் தடுத்து, மிச்சத்தை இங்கே வங்கிக்கு அனுப்பி வைக்கிறார்கள். இது சும்மா வேலை இல்லை. அதோடு உங்களுக்கெல்லாம் 30ம் இல்லை. வருடத்துக்கு ஒரு மில்லியன் டொலருக்குள் உழைப்பவர்களுக்கு அப்பிள் 2021 ஜனவரியிலிருந்து 15 வீதம்தான் எடுக்கிறது, அதற்கு நீங்கள் விண்ணப்பிக்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள். கூகிள் அதே வருடம் ஜூலையிலிருந்து முதல் மில்லியனுக்கு 15. இங்கே ஒரு மில்லியன் டொலரைத் தாண்டுகிறவர் யாராவது இருந்தால் கூட்டம் முடிந்ததும் என்னைத் தனியாகச் சந்திக்கவும், எனக்கும் வேலை வேண்டும்.

ஆகவே கழிவு கேட்பதைக் கொள்ளை என்று நான் சொல்ல மாட்டேன். பிழை எங்கே என்றால், வெளியே 7.99க்குக் கிடைக்கிறது என்று உன் கேமுக்குள் உன் வாடிக்கையாளருக்கு நீ சொல்லக்கூடாது என்ற விதியில். பொத்தான் வைக்கக்கூடாது, லிங்க் வைக்கக்கூடாது, அந்தப் பக்கம் போங்கள் என்று ஒரு வரி எழுதவும் கூடாது. நெட்ஃபிளிக்ஸ் செயலியில் சேர முடியாமல், எங்கே போய்ச் சேர்வது என்றும் தெரியாமல் முழித்த ஆட்கள் இருக்கிறார்கள் அல்லவா, அதன் காரணம் இந்த விதிதான். கழிவு கொடுக்க விரும்பாதவர் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும்.

2021 செப்டம்பரில் கலிபோர்னியாவில் நீதிபதி இவோன் கொன்சாலஸ் ரொஜர்ஸ் தீர்ப்பைச் சொன்னபோது எபிக்கின் பத்துக் குற்றச்சாட்டில் ஒன்பது தோற்றது. ஒப்பந்தத்தை மீறி நேரே வாங்கிய காசில் 30 வீதத்தை அப்பிளுக்குக் கட்டு என்றும் உத்தரவு. எபிக் தோற்றது என்று தலைப்புப் போட்டார்கள். வென்ற அந்த ஒன்று எது தெரியுமா? இந்த லிங்க் விவகாரம்தான். டெவலப்பர், அதாவது செயலியைச் செய்தவர், தன் வாடிக்கையாளருக்கு வெளிவழியைக் காட்டுவதை அப்பிள் தடுக்கக்கூடாது. 2024 ஜனவரியில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் மேல் விசாரணைக்கு எடுக்க மறுத்ததும் அது உறுதியானது.

இனித்தான் வேடிக்கை. அப்பிள் லிங்க்கை அனுமதித்தது. ஆனால் லிங்க்கைத் தட்டி வெளியே போய் வாங்கினாலும் எனக்கு 27 வீதம் என்றது. அட்டைக் கட்டணம் ஒரு 3 வீதம் போகும், கூட்டிப் பாருங்கள், பழைய 30 திரும்பி வந்து நிற்கிறது. கிண்ணியாக்காரருக்கு இது லேசில் விளங்கும். பாதைக்காக, அதாவது ஆளையும் வண்டியையும் அக்கரை சேர்க்கிற மிதவைப் படகுக்காக, துறையில் காத்து நின்ற காலம் போய் 2009இல் பாலம் வந்தது. வந்த பாலத்தின் வாயிலில் ஒருவர் மேசை போட்டு, நீ என் பாதையில் ஏறாவிட்டால் என்ன, ஏறியிருந்தால் தந்திருப்பாய்தானே, அதில் கொஞ்சம் குறைத்துத் தா என்று கேட்டால் எப்படி இருக்கும்? அப்பிள் கேட்டது அதைத்தான். லிங்க்கைத் தட்டினால் பயமுறுத்துகிற எச்சரிக்கை முழுத் திரைக்கும் வரும். 2024 மே வரை இந்த வழிக்கு விண்ணப்பித்தவர்கள் வெறும் 34 டெவலப்பர்கள்.

நீதிபதிக்குக் கோபம் வந்தது. 2025 ஏப்ரல் 30இல் வந்த உத்தரவைத் தேடி வாசியுங்கள், நீதிமன்ற ஆவணம் இவ்வளவு சூடாக இருக்குமா என்று ஆச்சரியப்படுவீர்கள். அப்பிள் வேண்டுமென்றே உத்தரவை மீறியது, நிதிப் பிரிவின் மூத்த அதிகாரி ஒருவர் சத்தியம் செய்துவிட்டுப் பொய் சொன்னார், இந்த அவமதிப்பைக் குற்றவியல் விசாரணைக்கு அனுப்புகிறேன் என்று எழுதினார். அப்பிளில் கடைக்குப் பொறுப்பாக இருந்த பில் ஷில்லரே கம்பனிக்குள் இந்த 27 வீதக் கட்டணம் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார் என்பதும் அதில் வந்தது. இதே ஷில்லர் 2011இலேயே, 30 என்றைக்கும் நிற்குமா என்று கேட்டு மின்னஞ்சல் எழுதியவர். உள்ளே இருந்தவருக்கே அப்போது சந்தேகம். மே மாதம் ஃபோர்ட்நைட் அமெரிக்க ஐபோன்களுக்குத் திரும்பியது, அப்பிள் மேன்முறையீட்டுக்குப் போனது.

கூகிள் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அன்ட்ரொயிட்டில் வேறு கடையும் போடலாம், கோப்பாக இறக்கியும் ஏற்றலாம். ஆனாலும் எபிக் போட்ட வழக்கில் 2023 டிசம்பரில் சான் பிரான்சிஸ்கோ ஜூரிமார் ஒருமனதாக கூகிளுக்கு எதிராகத்தான் சொன்னார்கள். கதவைப் பூட்டிய அப்பிள் பெரும்பாலும் தப்பியது, கதவைத் திறந்து வைத்த கூகிள் மாட்டியது! திறந்த கதவால் யாரும் போகாமல் இருக்க போன் கம்பனிகளோடும் பெரிய டெவலப்பர்களோடும் கூகிள் செய்த ஒப்பந்தங்கள் வெளியே வந்ததும், ஊழியர்களின் அரட்டைகள் அழிந்து போனதும்தான் காரணம். 2025 நவம்பரில் எபிக்கும் கூகிளும் சமரசம் என்று அறிவித்தார்கள்.

இதெல்லாம் அமெரிக்காக்காரர் பிரச்சினை என்று நினைக்காதீர்கள். சென்னையில் இருந்து நடக்கிற பாரத் மேட்ரிமோனி, நம் வீடுகளிலும் சாதகத்தோடு சேர்த்துப் புழங்குகிற பெயர், 2024 மார்ச் 1இல் அதன் செயலிகளை கூகிள் கட்டணத் தகராறில் பிளே ஸ்டோரிலிருந்து எடுத்துவிட்டது. இன்னும் சில இந்தியக் கம்பனிகளுக்கும் அதே கதி. இந்திய அரசு தலையிட்ட பிறகு சில நாளில் திரும்பி வந்தன. இந்தியாவுக்கு 140 கோடிப் பேரின் சந்தை இருக்கிறது, அமைச்சர் கூப்பிட்டால் கூகிள் வரும். தென்கொரியா 2021இல் சட்டமே போட்டது, ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஏப்ரலில் இதே வழிகாட்டக்கூடாது என்ற விதிக்காக அப்பிளுக்கு 500 மில்லியன் யூரோ அபராதம் போட்டது. நாம் கூப்பிட்டால் யார் வருவார்கள்? நமக்காக யாரும் வழக்காட மாட்டார்கள், அவர்கள் வழக்காடி வந்த மிச்சம்தான் நமக்கு.

நேரம் போகிறது என்று காட்டுகிறார்கள். ஒரு கேள்வி எடுக்கலாம். அந்தத் தங்கச்சி கேளுங்கள்... ஐபோனில் போடுவதா அன்ட்ரொயிட்டில் போடுவதா என்கிறார். நல்ல கேள்வி, நான் பேசிய முழுவதையும்விடப் பிரயோசனமானது. டெவலப்பர் கணக்குக்கு அப்பிளுக்கு வருடா வருடம் 99 டொலர், டொலர் 300 ரூபா என்று பார்த்தாலே முப்பதாயிரம், 2022இல் டொலர் 360ஐத் தாண்டியபோது என்ன பாடு என்று உங்களுக்குத் தெரியும். மேக் கணினியும் வேண்டும். கூகிளுக்கு ஒரே தடவை 25 டொலர். முதலில் அன்ட்ரொயிட்டில் போடுங்கள். ஆனால் அங்கே ஒரு நிபந்தனை இருக்கிறது, புதிதாகத் தனிநபர் கணக்குத் திறந்தவர் கேமை வெளியிட முன்னர் 12 பேர் தொடர்ந்து 14 நாள் சோதனையில் சேர்ந்திருக்க வேண்டும். காசு கட்டியும் ஆள் கிடைக்காமல் நிற்கிறவர்கள் நிறைய. முதலில் 20 பேர் கேட்டார்கள், இப்போது 12. இந்த மண்டபத்தில் அதைவிடக் கூடப் பேர் இருக்கிறீர்கள், தேத்தண்ணிக்குப் போகும்போது ஜிமெயில் முகவரியை ஆளுக்காள் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். என்னுடையதையும் வெளியே உள்ள கொப்பியில் எழுதி வைக்கிறேன்.