தூருக்கு என்ன விலை?

நேயர்களுக்கு வணக்கம்.

எடைமேடைக்குப் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகை. உள்ளே ஒரு மேசை, ஒரு பேரேடு, எதைத் தொட்டாலும் மரத்தூள். பதினோரு வருஷம் என் அலுவலகம் அதுதான். ராமநாதபுரம் பக்கம் விறகை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலை ஒன்றில் எரிபொருள் வாங்குகிற வேலை. எரிபொருள் என்றால் வேறென்ன, சீமைக்கருவேலம்தான். வேலிக்காத்தான் என்று சொல்கிற ஊர்களும் உண்டு. எங்கள் பக்கம் பல கிராமங்களில் அதற்குப் பெயரே கிடையாது, வெறும் 'முள்ளு'. வேறு முள் எதுவும் மிச்சமில்லாததால் அடையாளம் சொல்ல வேண்டிய தேவை போய்விட்டது.

மரத்தை அகற்றினால் கண்மாயும் காடும் மீளும், அகற்றிய மரத்தை எரித்தால் மின்சாரம் வரும். கேட்பதற்கு ஒரே கல்லில் இரண்டு மாங்காய். நானும் அதை நம்பித்தான் வேலைக்குச் சேர்ந்தேன். அந்தக் கணக்கு எந்த இடத்தில் உதைக்கிறது என்பதை எடைமேடையில் நின்று பார்த்தவன் என்ற முறையில் இன்று பேசுகிறேன்.

முதலில் மரத்தின் பூர்வீகத்தைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். மெக்சிகோ, நடு அமெரிக்கா, தென் அமெரிக்காவின் வடபகுதி, இவைதான் அதன் தாய்நிலம். 1870-களில் சென்னை மாகாண வனத்துறை ஜமைக்காவிலிருந்து விதை வரவழைத்துக் கடப்பாப் பகுதியில் ஊன்றியது. வறண்ட பூமியில் விறகுக்கு வழி செய்ய வேண்டும் என்பதுதான் நோக்கம். ஆக, இது வந்ததே அடுப்புக்காகத்தான். பிற்பாடு இங்கே விறகுப் பஞ்சம் வந்தபோது மறுபடியும் விதை தூவினார்கள் என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்கள். அந்தக் காலத்தில் அதைத் திட்டிய ஆள் யாருமில்லை. மழை பொய்த்து வெள்ளாமை போன வருஷங்களில் முள் வெட்டி விற்றுத்தான் பல வீடுகளில் உலை கொதித்தது. இதை மறந்துவிட்டு அந்த மரத்தை வெறும் பிசாசாகப் பேசுவது எனக்கு உடன்பாடில்லை.

பிசாசுக் கதைகளுக்கோ குறைச்சலே இல்லை. காற்றிலிருக்கும் ஈரத்தையெல்லாம் உறிஞ்சிவிடும், ஆக்சிஜனே விடாது, அதன் நிழலில் கட்டிய மாடு மலடாகும் என்று கைப்பேசியில் வலம் வருபவை எதற்கும் ஆதாரம் கிடையாது. உண்மையான குற்றச்சாட்டே போதும். தன் அடியில் புல்லையும் மற்ற செடிகளையும் வளர விடாது. கண்மாய்க்குள் புகுந்தால் தண்ணீர் வரும் வழியை அடைத்து வண்டலைத் தேக்கும். நெற்று இனிப்பாக இருப்பதால் ஆடும் மாடும் விரும்பித் தின்னும். விதை செரிக்காமல் சாணத்தோடும் புழுக்கையோடும் வெளியே வந்து, எரு போட்ட நாற்று மாதிரி முளைக்கும். கென்யாவில் பாரிங்கோ என்ற ஏரிப் பகுதியில் இதே மரத்தைக் கொண்டுபோய் நட்டார்கள். அங்குள்ள கால்நடை வளர்ப்போர் 2006-இல் அரசாங்கத்தின் மேல் வழக்குப் போட்டபோது, நெற்றின் இனிப்பால் பல் சொத்தையாகி விழுந்துபோன ஆடு ஒன்றையே நீதிமன்றத்துக்குச் சாட்சியாகக் கூட்டிப் போனார்கள். பொக்கைவாய் ஆடு.

சரி, விறகுக்கு வருவோம். எரிபொருள் என்று பார்த்தால் இது அருமையான சரக்கு. கட்டை கெட்டி, பச்சையாக இருந்தாலும் பிடித்துக்கொள்ளும். காய்ந்த கட்டை ஒரு கிலோவில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட கிலோகலோரி வெப்பம் இருக்கிறது. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறக்குறைய ஒன்றேகால் கிலோ விறகு போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து மெகாவாட் ஆலை முழு மூச்சில் ஓடினால் ஒரு நாளைக்கு 2,40,000 யூனிட். விறகு 300 டன். தினமும் இருபத்தைந்து, முப்பது லாரி. நாள் தவறாமல், மழையானாலும் வெயிலானாலும், வருஷம் முழுக்க.

இந்த 'வருஷம் முழுக்க' என்பதில்தான் சிக்கல் பிறக்கிறது. ஆலைக்கு வங்கிக் கடன் உண்டு, அது பத்து வருஷமோ அதற்கு மேலோ ஓடும். அத்தனை வருஷத்துக்கும் விறகு வந்துகொண்டே இருக்க வேண்டும். அதுவும் ஐம்பது கிலோமீட்டர் சுற்றளவுக்குள் கிடைக்க வேண்டும். முள் விறகு இடத்தை அடைக்குமே தவிர எடை நிற்காது, தூரத்திலிருந்து கொண்டுவந்தால் டீசல் செலவு விறகு விலையைத் தின்றுவிடும். கண்மாயை மீட்க நினைப்பவருக்கோ அந்த மரம் ஒருநாள் தீர்ந்துபோக வேண்டும். ஒருவருக்கு முடியக் கூடாது, இன்னொருவருக்கு முடிந்தே ஆக வேண்டும். இரண்டு பேரையும் ஒரே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வைத்துவிட்டு, எல்லாம் நல்லபடி நடக்கும் என்று நாம் எதிர்பார்க்கிறோம்.

நடைமுறையில் என்ன நடக்கும் என்பதற்கு என் பேரேடே சாட்சி. கண்மாய் மரத்தை ஏலம் விடுவார்கள். எடுத்தவர் ஆள் வைத்துத் தரைக்கு மேலே ஒரு சாண் விட்டு அரிவார். மரம் லாரி ஏறும், தூர், அதாவது வேரோடு சேர்ந்த அடிக்கட்டை, நிலத்தில் நிற்கும். அடுத்த மழைக்கு அந்தத் தூரிலிருந்து பத்துக் கம்பு கிளம்பும். ஒற்றைத் தண்டாக இருந்தது புதராகிவிடும். மூன்று நாலு வருஷத்தில் அதே கண்மாய், அதே ஏலம். ஊருக்கும் வரும்படி, ஏலக்காரருக்கும் வரும்படி, எனக்கும் விறகு. கரும்பில் மறுதாம்பு விடுவது போலத்தான். கண்மாயில் நாங்கள் மறுதாம்பு விவசாயம் செய்துகொண்டிருந்தோம், பேருக்கு அதைச் 'சீமைக்கருவேலம் அகற்றும் பணி' என்று எழுதிக்கொண்டோம்.

ஏன் தூரைத் தோண்டவில்லை என்று கேட்பீர்கள். அதில் என் பங்கும் இருக்கிறது. தூரில் மண்ணும் கல்லும் ஒட்டியிருக்கும். அரவை இயந்திரத்தின் கத்தி போய்விடும். மண் கொதிகலனுக்குள் போனால் சாம்பலோடு உருகிக் கண்ணாடிக் கட்டி மாதிரி இறுகி ஒட்டும், ஆலையை நிறுத்தி உடைத்தெடுக்க வேண்டும். எடை கூடட்டும் என்று மண்ணோடு ஏற்றி வருகிற ஆட்களும் உண்டு. அதனால் தூர் ஏற்றிய வண்டி வந்தால் திருப்பி அனுப்பு என்பது எங்கள் ஆலையில் விதி. திருப்பி அனுப்பிய சீட்டுகளில் கையெழுத்து என்னுடையது. தோண்டினால் கூலி இரண்டு மடங்கு, தோண்டியதை வாங்க ஆளில்லை. பிறகு எவன் தோண்டுவான்?

இதில் வருத்தம் என்னவென்றால், தோண்ட வேண்டிய ஆழம் ஒன்றும் பாதாளம் இல்லை. இதற்கு நெருங்கிய சொந்தமான ஒரு மரத்தின் வேர் அமெரிக்காவில் அரிசோனாவில் ஒரு சுரங்கத்தில் ஐம்பது மீட்டருக்கும் கீழே காணப்பட்டதாகப் பதிவு இருக்கிறது. அதைப் படித்துவிட்டு 'இதை ஒழிக்கவே முடியாது' என்று கைவிரிப்பவர்கள் உண்டு. ஆனால் மறுபடி துளிர்க்கும் மொட்டுகள் இருப்பது தண்டும் வேரும் சேரும் கழுத்துப் பகுதியில்தான். மண்ணுக்குள் ஒரு அடி ஆழத்தில் அறுத்துக் கழுத்தோடு எடுத்துவிட்டால் மரம் செத்தது. மிச்ச வேர் எத்தனை ஆழத்தில் கிடந்தாலும் மக்கிப் போகும்.

தூரை வேண்டாம் என்று சொல்லாத ஓர் ஆள் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறார். கரிமூட்டக்காரர். முதுகுளத்தூர், கமுதி, சாயல்குடிப் பக்கம் போனவர்கள் மூட்டங்களைப் பார்த்திருப்பீர்கள். கட்டைகளை நெருக்கி அடுக்கி, வைக்கோலும் இலைதழையும் பரப்பி, ஈர மண் பூசி, ஓரிடத்தில் தீ வைத்து மூடிவிடுவார்கள். காற்று அளவாகப் போகும்படி ஓட்டைகளைத் திறந்தும் அடைத்தும் பல நாள் காவல் இருக்க வேண்டும். முதலில் வெள்ளைப் புகை, அது கட்டையின் ஈரம். புகை நீலமானால் கரி இறங்கிவிட்டது என்று அர்த்தம். அசந்து தூங்கினால் விடியும்போது சாம்பல்தான். தூர்க் கட்டையிலிருந்து வரும் தூர்க்கரி கெட்டியாக இருக்கும், நின்று கனலும். அதனால் அவர்களுக்குத் தூர் வேண்டும்.

மூட்டத்திலும் குறை இருக்கிறது. நாலைந்து டன் விறகு போட்டால்தான் ஒரு டன் கரி. விறகிலிருந்த சக்தியில் பாதிக்கு மேல் புகையாகப் போகிறது, அந்தப் புகையை நாள் முழுக்க உள்ளே இழுப்பவர்கள் பெரும்பாலும் சொந்த நிலமில்லாத குடும்பங்கள். இரும்பு உலைகளை வைத்துக் கரியின் அளவைக் கூட்டவும் புகையைக் குறைக்கவும் முடியும். மானியம் கொடுப்பதானால் நான் முதலில் அதற்குத்தான் கொடுப்பேன்.

அப்புறம் இந்தக் கரியமில வாயுக் கணக்கு. விறகு மின்சாரம் தூய்மையானது என்று சொல்வதற்கு ஒரே அடிப்படைதான்: எரித்தபோது வெளியான வாயுவைத் திரும்ப முளைக்கும் மரம் உறிஞ்சிக்கொள்ளும் என்பது. கண்மாய் மீட்பில் மரம் திரும்ப முளைக்கக் கூடாது என்பதுதானே நம் ஆசை? அப்படியானால் அந்தக் கணக்கு நேராக வேண்டுமென்றால் முள் போன இடத்தில், கரையிலும் புறம்போக்கிலும் காட்டிலும், வேறு ஏதாவது வளர்ந்தாக வேண்டும். பனை, நாட்டுக் கருவேலம், வேம்பு, புங்கன், உகாய். கண்மாயின் உள்வாயில் புல்லும் தண்ணீரும் போதும். வெட்டியதோடு நிறுத்திக்கொண்டால் காட்டையும் மீட்கவில்லை, காற்றையும் மீட்கவில்லை.

சட்டத்தின் பக்கம் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2017-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவால் தென் மாவட்டங்களில் ஜேசிபி சத்தம் ஓயாமல் கேட்டது. அதே ஆண்டே தடையும் வந்தது, அகற்றுவதால் வரும் விளைவுகளை நிபுணர்கள் ஆராயட்டும் என்றார்கள். 2022-இல் தமிழக அரசு அயல் தாவரங்களை அகற்றிச் சூழலை மீட்பதற்கென்று ஒரு கொள்கை வெளியிட்டது. முதுமலைப் பக்கம் மஞ்சள் பூப் பூக்கும் சென்னா மரத்தை வெட்டிக் கரூர் காகித ஆலைக்கு அனுப்பும் வேலையும் நடக்கிறது. விறகு என்றில்லை, காகிதக் கூழானாலும் நான் சொல்லும் கேள்வி அங்கும் உண்டு. பணம் டன்னுக்கா, ஏக்கருக்கா?

என் யோசனை இதுதான். டன்னுக்குப் பணம் கொடுக்கும் வரை தூர் நிலத்திலேயே நிற்கும். ஏக்கருக்குக் கொடுங்கள், அதையும் மொத்தமாகக் கொடுக்காதீர்கள். தண்டு ஆலைக்குப் போகட்டும், தூர் மூட்டத்துக்குப் போகட்டும். கழுத்தோடு எடுத்ததைப் பார்த்துப் பாதிப் பணம். இரண்டாவது பருவமழை முடிந்து, தளிர் இல்லை என்று ஊர்க்காரர்கள் நடந்து பார்த்துச் சொன்ன பிறகு மீதி. ஆலைக்காரர்கள் இதற்கு முகம் சுளிப்பார்கள் என்று தெரியும், நான் அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவன். பத்து வருஷத்துக்கு உறுதியான விறகு வேண்டுமென்றால் பட்டா நிலத்தில் சவுக்கு போட்டுத் தரச் சொல்லி விவசாயியிடம் ஒப்பந்தம் போடட்டும். கண்மாயை நம்பி ஆலை கட்டக் கூடாது.

ஒரேயடியாக எல்லா இடத்திலும் வெட்டுவதிலும் எனக்கு அவசரமில்லை. சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் கண்மாய்கள் ராம்சார் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்ததாக 2022-இல் அறிவிக்கப்பட்டவை. அங்கே நாரையும் கொக்கும் கூடு கட்டுவது கருவேலத்திலும் இந்த முள் மரத்திலும்தான். நாட்டுக் கருவேலம் கிளை விரித்து நிற்கும் வரை அந்த இடங்களில் பாதியை விட்டு வைப்பதே நியாயம். பறவைக்கு மரத்தின் பூர்வீகம் தெரியாது.

ராஜசிங்கமங்கலம் கண்மாயை 'நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடைக் கண்மாய்' என்பார்கள். அவ்வளவு பெரிய பரப்பில் யார் காவல் இருப்பது என்று ஒருமுறை மூட்டம் போடும் பெரியம்மா ஒருவரிடம் கேட்டேன். "காவல் எதுக்கு சாமி, முளைக்கையிலேயே பாத்துக்கிட்டா ஆகாதா?" என்றார். ஐப்பசி மழை பெய்து பத்துப் பதினைந்து நாள் கழித்துக் கண்மாய்க்குள் இறங்கிப் பாருங்கள். சாணம் கிடந்த இடத்தில் இரண்டு இலையோடு கன்று நிற்கும், இரண்டு விரலால் இழுத்தால் வந்துவிடும். அதையே அடுத்த வருஷம் எடுக்க மண்வெட்டி வேண்டும். அதற்கும் அடுத்த வருஷம் ஏல அறிவிப்பு ஒட்டுவார்கள்.

வணக்கம்.