கல்பாசியைக் குறுக்கே வெட்டினால்

தண்டையார்பேட்டை, ராயபுரம் பக்கத்திலிருந்து வந்திருக்கும் நண்பர்களே, லைக்கன் பார்க்க மலையேற வேண்டாம். மசாலாவுக்கு வாங்கும் கல்பாசி ஒரு லைக்கன்; பூஞ்சையும் பாசியும் ஒரே உடலாக வாழ்வது.

ஒரு துண்டை எடுங்கள். மேலே சாம்பல், அடியில் கறுப்பு. அடியில் முடி முடியாக நிற்பவை ரைசின்கள். மரப்பட்டையைப் பிடித்துக்கொள்ளத்தான் அவை. விளிம்பில் வெளிறிய பொடி இருந்தால் அது சொரிடியா. பாசி செல்லைப் பூஞ்சை இழை சுற்றிய துகள் என்பதால், விழுந்த இடத்தில் இரண்டும் சேர்ந்தே வளரும்.

இப்போது ஐந்து நிமிடம் தண்ணீரில் போடுங்கள். காய்ந்ததை வெட்டினால் நொறுங்கும். அதிகம் ஊறினால் வழவழத்து பிளேடுக்கு அடங்காது. கேரட் துண்டைக் கீறி, நடுவில் செருகி, புது பிளேடால் சேர்த்துச் சீவுங்கள். இருபது சீவினால் இரண்டு தேறும். கண்ணாடித் தகட்டில் முதலில் ஒரு சொட்டு ஸ்பிரிட், பிறகு தண்ணீர். ஸ்பிரிட்டை விட்டுவிட்டால் உள்ளே சிக்கிய காற்று கறுப்பாகத் தெரிந்து எல்லாவற்றையும் மறைத்துவிடும்.

நுண்ணோக்கியில் பார்த்தால், மேலே பூஞ்சை இழைகள் இறுக ஒட்டிய மேல்புறணி. காய்ந்தபோது வெளிச்சத்தைச் சிதறடிக்கும், நனைந்ததும் கண்ணாடியாகிவிடும். ஊறிய கல்பாசி பச்சையாவது இதனால்தான். அதன் கீழே உருண்டைப் பச்சை செல்கள், பாசி அடுக்கு. அடுத்து பஞ்சு போன்ற அகணி; கனத்தில் பெரும்பகுதி இதுதான். இதன் இழைகள் நீரை ஒட்டவிடாது. அதனால் மழையில் நனைந்தாலும் பாசிக்குக் காற்று போகும். கடைசியில் கறுப்புக் கீழ்ப்புறணி. சில லைக்கன்களின் புறணியில் ஈஸ்ட்டும் இருப்பதை லைக்கன் ஆய்வாளர் டோபி ஸ்பிரிபிலின் குழு 2016இல் காட்டியது.

இலைக்கு மெழுகுப் பூச்சும், திறந்து மூடும் துளைகளும் உண்டு. லைக்கனுக்கு இரண்டும் இல்லை. புகையில் வரும் கந்தக டை ஆக்சைடு ஈரத்தில் கரைந்து உடல் முழுக்க இறங்கும், பச்சையம் சிதையும். பாரிஸ் நகரக் காற்றுக்கும் லைக்கனுக்கும் உள்ள தொடர்பை லைக்கன் ஆய்வாளர் நைலாண்டர் 1866லேயே எழுதிவிட்டார். ஆலைகள் நிறைந்த மணலி, எண்ணூர்க்காரர்கள் இதைக் கவனமாகக் கேட்க வேண்டும்.

அங்கே மரங்களில் ஓட்டு லைக்கனை, அதாவது பட்டைமேல் மெல்லிய ஓடுபோல் படர்வதைத் தேடுங்கள். அதற்குக் கீழ்ப்புறணி கிடையாது. அகணியே பட்டையோடு ஒட்டியிருக்கும். சுரண்டினால் பொடிதான் மிஞ்சும். சுண்ணாம்புக் கறையா என்று சந்தேகம் வந்தால் தண்ணீர் தெளித்து, 10 மடங்கு லென்ஸில் பாருங்கள். பச்சை எட்டிப்பார்த்தால் லைக்கன். பச்சை தெரியாவிட்டால் ஓரத்தில் நகத்தால் லேசாகக் கீறுங்கள். ஆரஞ்சு தெரிந்தால் உள்ளே இருப்பது ட்ரென்டிபோலியா பாசி. வெப்ப நாட்டு ஓட்டு லைக்கன்களில் அது சகஜம்.