கடைசி வண்டி வரும்வரை

நேயர்களுக்கு வணக்கம்.

தார்ச்சாலை முடிந்து மண் பாதை தொடங்குகிற இடத்தில் எங்கள் குழு எப்போதும் ஒரு பத்து நிமிடம் நிற்கும். ஆறு வண்டி, ஆறு பேர். எல்லோரும் குனிந்து உட்கார்ந்து, டயர் வால்வின் மூடியைக் கழற்றிக் காற்றை இறக்குவோம். சாலையில் 30 பிஎஸ்ஐ அளவில் இருந்ததை 20, 22 என்று கொண்டுவருவோம். காற்று குறைந்தால் டயர் தரையில் அகலமாகப் படியும், சரளையிலும் மண்ணிலும் பிடி கிடைக்கும், சின்னக் கற்களின் அடியை டயரே வாங்கிக்கொள்ளும். அதற்காக அளவுக்கு மீறி இறக்கவும் கூடாது. பாறை விளிம்பில் வேகமாக ஏறினால் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவே டியூப் நசுங்கி, அருகருகே இரண்டு ஓட்டை விழுந்துவிடும். ஆறு வண்டியிலிருந்தும் அந்தக் காற்றுச் சத்தம் கேட்ட பிறகுதான் பயணம் தொடங்கிவிட்டது என்று எனக்குத் தோன்றும்.

நண்பர்களோடு நான்கு நாள், ஐந்து நாள் என்று சாலையே இல்லாத பாதைகளில் பைக்கில் போவதைப் பற்றிப் பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். எப்படி ஓட்டுவது என்பதைச் சொல்கிறேன். ஆனால் அதைவிட முக்கியமாக எனக்குச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. குழுவாகப் போகும்போது உங்கள் பொறுப்பு, உங்களுக்குப் பின்னால் வருகிற வண்டிதான். முன்னால் போகிறவரைத் துரத்திப் பிடிக்கத்தான் கை பரபரக்கும். பின்னால் வருகிறவர் வருகிறாரா என்று பார்க்க மனசுக்குப் பழக்கம் வேண்டும்.

முதலில் ஓட்டும் விதம். புதிதாக வருகிறவர்கள் இருக்கையை விட்டு எழ மாட்டார்கள். சாலையில் அப்படி ஓட்டிப் பழகியவர்களுக்கு அதுதான் பாதுகாப்பாகத் தெரியும். கரடுமுரடான பாதையில் ஃபுட்ரெஸ்ட்டின் மேல் எழுந்து நிற்க வேண்டும். முழங்காலையும் முழங்கையையும் லேசாக மடக்கி வைத்துக்கொண்டால், வண்டி கீழே என்ன ஆட்டம் போட்டாலும் அது நம் முதுகுத்தண்டுக்கு ஏறி வராது. ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிக்கவே கூடாது. பிடி இறுகினால் முன்சக்கரம் கல்லில் பட்டுத் திரும்புகிற ஒவ்வொரு தடவையும் நம் தோள் அதை எதிர்த்துப் போராடும். இரண்டாம் நாள் காலையில் கை தூக்க முடியாமல் எழுந்திருக்கிறவர்கள் எல்லோரும் முதல் நாள் ஹேண்டில்பாரைக் கெட்டியாகப் பிடித்தவர்கள்தான்.

பார்வை தூரத்தில் இருக்கட்டும். பள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் வண்டி பள்ளத்துக்குத்தான் போகும். மணலில் உடம்பைப் பின்னுக்குச் சாய்த்து, ஆக்சிலேட்டரைச் சீராகப் பிடித்துக்கொள்ள வேண்டும். பயந்து சட்டென்று விட்டால் எடை முன்னால் விழுந்து முன்சக்கரம் புதைந்துவிடும். செங்குத்தான இறக்கத்தில் கியரைக் குறைத்து இன்ஜினையே பிரேக்காக்கி இறங்குவது நல்லது. பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கிற ஏபிஎஸ்ஸைப் பின்சக்கரத்துக்கு அணைக்க வசதியுள்ள வண்டியென்றால் சரளை இறக்கத்துக்கு முன்பே அணைத்துவிடுங்கள். உதிரிக் கல்லில் ஏபிஎஸ் பிரேக்கை விட்டுவிட்டுப் பிடிக்கும், வண்டி நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கும். ஏற்றத்தின் நடுவில் இன்ஜின் நின்றுபோனால் கிளட்ச்சை அழுத்தாதீர்கள். கியரில் இருக்கும் வரை வண்டி அப்படியே பிடித்து நிற்கும். கிளட்ச்சைத் தொட்டால் பின்னோக்கி உருளும்.

விழுவது பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லோரும் விழுவோம். அதனால்தான் கிளட்ச், பிரேக் லீவர்களின் பிடிமான ஸ்குரூவைச் சற்றுத் தளர்வாக விடுவது. வண்டி சாயும்போது லீவர் சுழன்று விலகிக்கொள்ளும், உடையாது. பக்கவாட்டில் இரும்புப் பெட்டி மாட்டாமல் துணிப்பை மாட்டுவதும் இதற்குத்தான். மணலில் காலை ஊன்றும்போது பெட்டியின் கீழ்விளிம்புக்கும் தரைக்கும் நடுவில் கணுக்கால் மாட்டிக்கொண்டால் எலும்பு முறியும். கணுக்காலுக்கு மேல் ஏறி நிற்கிற கெட்டியான பூட்ஸ் இல்லாமல் யாரும் எங்களோடு வருவதில்லை. இதில் நாங்கள் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

இனி அந்த மூன்றாம் நாள்.

குழுவாகப் போகும்போது ஒருவர் தூசியை இன்னொருவர் தின்னக் கூடாது. ஆகவே ஒவ்வொரு வண்டிக்கும் நடுவில் நிறைய இடைவெளி விடுவோம், பாதி நேரம் முன்வண்டி கண்ணுக்கே தெரியாது. பாதை பிரியும் இடங்களில் வழி தப்பாமல் இருக்க எங்களிடம் ஓர் ஏற்பாடு உண்டு. பாதை பிரியும் இடத்தில் முன்வண்டிக்காரர் தனக்கு அடுத்து வருகிறவரை நிறுத்தி, எந்தப் பக்கம் என்று கை காட்டிவிட்டுப் போவார். நின்றவர் அங்கேயே நின்று, வருகிற எல்லோருக்கும் வழி காட்ட வேண்டும். கடைசி வண்டியைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அவர் கிளம்பலாம். கடைசி வண்டியை மாற்றவே மாட்டோம். அதை ஓட்டுகிறவர் எங்களில் நிதானமானவர், கருவிப் பையும் முதலுதவிப் பையும் அவரிடம்தான் இருக்கும்.

அன்றைக்கு ஒரு பிரிவில் நிற்க வேண்டிய முறை எனக்கு வந்தது. மூன்றாவது வண்டி கடந்தது, நான்காவது கடந்தது. ஐந்தாவதும் கடைசியும் வரவில்லை. இருபது நிமிடம் நின்றேன். நிழல் இல்லை, ஹெல்மெட்டுக்குள் வியர்வை கண்ணில் இறங்குகிறது. தரையைப் பார்த்தேன். மூன்று வண்டியின் டயர் தடம் இடது பக்கம் பளிச்சென்று தெரிந்தது. இதைப் பார்த்தால் யாருக்கும் வழி தெரியுமே என்று நினைத்து, வண்டியைக் கிளப்பிப் போய்விட்டேன்.

ஐந்தாவதாக வந்த தம்பிக்கு அதுதான் முதல் நெடும்பயணம். பின்டயர் பஞ்சராகி, கடைசி வண்டிக்காரர் அவரோடு நின்று டியூப் மாற்றிக்கொண்டிருந்தார். அது முடிந்து பிரிவுக்கு வந்தபோது அங்கே ஆளில்லை. வலது பக்கம் அகலமாக, நன்றாக அடிபட்ட பாதையாகத் தெரிந்திருக்கிறது. காற்றில் எங்கள் தடமும் பாதி அழிந்திருந்தது. அவர்கள் வலது பக்கம் போய்விட்டார்கள்.

நாங்கள் நால்வரும் ஒரு காய்ந்த ஓடையில் காத்திருந்தோம். அரை மணி ஆனது. செல்போனில் சிக்னல் இல்லை. எங்களில் மூத்தவர் என்னைத் திட்டவில்லை. "நீ கிளம்பும்போது கடைசி வண்டியைப் பார்த்தியா?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். அவர் பதில் பேசாமல் ஹெல்மெட்டை மாட்டினார்.

வழி தப்பினால் மேலே மேலே போகாதே, கடைசியாக எங்கே பாதை பிரிந்ததோ அங்கே திரும்பி வந்து உட்கார் என்பது எங்கள் இரண்டாவது ஏற்பாடு. அன்று எங்களைக் காப்பாற்றியது அதுதான். அவர்கள் 14 கிலோமீட்டர் போய், யாரும் தென்படாததால் அதே பிரிவுக்குத் திரும்பி வந்து, வண்டியின் நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். தண்ணீர் ஒரே ஒரு குப்பியில் அடியில் கொஞ்சம் இருந்தது. அதையும் கடைசி வண்டிக்காரர் குடிக்காமல் தம்பிக்காக வைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் தம்பி எழுந்து, "அண்ணே, நீங்க நிப்பீங்கன்னு நெனச்சேன்" என்றார். குரலில் கோபம் இல்லை, குற்றம் சொல்லவும் இல்லை. அவருக்குக் கற்றுக்கொடுத்த ஏற்பாட்டை அவர் முழுதாக நம்பியிருந்தார்.

அந்த வாக்கியம் இன்னும் என் காதில் இருக்கிறது.

நாலைந்து நாள் தொடர்ந்து மண் பாதையில் ஓட்டுவதைப் போட்டியாகவே நடத்தும் வழக்கம் பழையது. சர்வதேச ஆறு நாள் போட்டி 1913ஆம் ஆண்டு இங்கிலாந்தில் உள்ள கார்லைல் நகரில் தொடங்கியது, இன்றும் நடக்கிறது. அதில் வண்டி பழுதானால் ஓட்டுகிறவரே தன் கையால் சரிசெய்ய வேண்டும், பிறர் கை வைக்க முடியாது. டயர் மாற்றுவதும் அப்படித்தான். அவர்கள் வேகத்தைப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். பாலைவனங்களில் நடக்கிற டக்கார் நெடும்பந்தயத்தில் இன்னொரு விதி உண்டு. விழுந்து கிடக்கிற போட்டியாளருக்காக நின்றால், நின்ற நேரத்தை உங்கள் கணக்கில் திருப்பித் தந்துவிடுவார்கள். 2020ஆம் ஆண்டு அந்தப் பந்தயத்தில் சவூதி பாலைவனத்தில் போர்ச்சுக்கல் வீரர் பாலோ கொன்சால்வ்ஸ் விழுந்தபோது, முந்தைய ஆண்டின் வெற்றியாளர் டோபி பிரைஸ் தன் பந்தயத்தை விட்டு அவரருகில் நின்றார். கொன்சால்வ்ஸ் பிழைக்கவில்லை. பைக்குகளுக்கான மறுநாள் கட்டத்தையே ரத்து செய்தார்கள். ஒவ்வொரு நொடியையும் எண்ணுகிற இடத்திலேயே நிற்கிறார்கள் என்றால், விடுமுறையில் போகிற நமக்கு என்ன அவசரம் என்று நான் என்னையே பலமுறை கேட்டிருக்கிறேன்.

நான்காம் நாள் ஒரு ஆறு குறுக்கிட்டது. ஆற்றை முதலில் நடந்துதான் கடக்க வேண்டும். பூட்ஸோடு இறங்கி, அடியில் மணலா உருண்டைக் கல்லா, எங்கே ஆழம் என்று காலால் தடவிப் பார்த்தோம். தண்ணீர் முழங்காலுக்குக் கீழே, இழுப்பும் அதிகமில்லை. ஐந்து வண்டி ஏறிவிட்டது. தம்பியின் முன்சக்கரம் ஒரு பாசிக் கல்லில் வழுக்கி, வண்டி அப்படியே தண்ணீரில் படுத்தது. விழும்போதே ஸ்விட்ச்சை அணைத்துவிட்டார், அது பெரிய விஷயம்.

மூன்று பேர் பாய்ந்து கரையேற்றினோம். தம்பியின் கட்டைவிரல் பழக்கத்தில் ஸ்டார்ட்டர் பக்கம் போனது. நான் அந்தக் கையைப் பிடித்துவிட்டேன். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால், பிஸ்டனால் அதை அமுக்க முடியாது. காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. இன்ஜின் சுழன்ற வேகத்தில் பிஸ்டனோடு இணைந்த கனெக்டிங் ராட் வளைந்துவிடும், அதோடு பயணம் முடிந்தது.

இருக்கையைக் கழற்றினோம். ஏர் ஃபில்டரை எடுத்துப் பிழிந்தால் தண்ணீர் கொட்டியது. முன்சக்கரத்தைத் தூக்கி வண்டியைப் பின்சக்கரத்தில் நிறுத்தினோம், சைலன்சரிலிருந்து ஒரு சொம்பு தண்ணீர் வழிந்தது. பிறகு ஸ்பார்க் பிளக். சூடு ஆறும்வரை காத்திருந்து, நீளமான ஸ்பேனரை உள்ளே விட்டு மெதுவாகத் திருகிக் கழற்றினோம். பிளக்கின் முனையில் ஒரு துளி நீர் நடுங்கிக்கொண்டிருந்தது. பிளக் இல்லாமல் ஸ்டார்ட்டரை அழுத்தினால் அந்த ஓட்டையிலிருந்து புகைபோலத் தண்ணீர் பீய்ச்சியது. இரண்டு தடவை, மூன்று தடவை, பிறகு வெறும் காற்று. ஆயில் பார்க்கும் கண்ணாடியில் எல்லோரும் முறைவைத்து எட்டிப் பார்த்தோம். பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் ஆயிலில் தண்ணீர் சேர்ந்துவிட்டது என்று பொருள். தெளிவாக, தேன் நிறத்தில் இருந்தது. எல்லாம் முடிய ஒன்றரை மணி நேரம். இன்ஜின் இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டபோது தம்பி அழுதுவிட்டார். நாங்கள் யாரும் அதைப் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

கிளம்ப நினைக்கிறவர்களுக்குச் சுருக்கமாகச் சில. சின்ன டேங்க் உள்ள வண்டி எவ்வளவு தூரம் போகுமோ அதுதான் குழுவின் பெட்ரோல் கணக்கு. மண் பாதையில் கீழ் கியரிலேயே போவதால் சாலையில் கிடைக்கிற மைலேஜ் கிடைக்காது. தூசிப் பாதையானால் ஏர் ஃபில்டரைத் தினமும் மாலையில் திறந்து பாருங்கள். ஸ்போக்குகளை ஸ்பேனரால் தட்டிப் பாருங்கள், இறுகியது கணீரென்று ஒலிக்கும், தளர்ந்தது மந்தமாக. தாகம் எடுக்கும் முன்பே கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் குடித்துக்கொண்டே இருங்கள். எங்கள் குழுவில் பெரும்பாலான விழுதல்கள் பிற்பகலில், நாளின் கடைசி ஒரு மணி நேரத்தில்தான் நடந்திருக்கின்றன. ஆகவே மாலையில் கூடாரம் போட வேண்டிய இடத்துக்கு வெளிச்சம் இருக்கும்போதே போய்ச்சேர்கிற மாதிரி நாளைத் திட்டமிடுகிறோம். சிக்னல் இல்லாத பகுதிக்குப் போனால் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவி ஒன்றாவது குழுவில் இருக்க வேண்டும்.

அந்தப் பயணத்துக்குப் பிறகு எங்கள் வரிசையை மாற்றிவிட்டோம். அனுபவம் குறைந்தவர் முன்வண்டிக்கு அடுத்து வருகிறார். முன்னால் போகிறவர் கண்ணாடியில் அவரைப் பார்த்துத் தன் வேகத்தை வைத்துக்கொள்கிறார். பாதை பிரியும் இடத்தில் நிற்கிற முறை வரும்போது நான் இன்ஜினை அணைத்து, சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொள்கிறேன்.

அடுத்த பயணத்துக்கு வழி வகுக்கிற வேலையை அந்தத் தம்பியிடம் கொடுத்திருக்கிறோம். போன வாரம் திட்டத்தை அனுப்பினார். ஒரு நாளைக்கு 120 கிலோமீட்டருக்கு மேல் வேண்டாம் என்று முதல் வரியிலேயே எழுதியிருக்கிறார். ஐந்து பேரும் சரி என்று சொல்லிவிட்டோம்.

வாய்ப்புக்கு நன்றி. வணக்கம்.